கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் உள்ளே இருப்பவர்

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன் என் சொந்த மின்னஞ்சலுக்கு, "உங்கள் அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது. 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் புதிய அஞ்சல்கள் வராது" என்று ஓர் அறிவிப்பு வந்தது. வேலை அவசரத்தில் அதிலிருந்த இணைப்பைத் திறந்து கடவுச்சொல்லைக் கொடுத்தேன். கைபேசிக்கு ஓடிபி வந்தது, அதையும் கொடுத்தேன். வழக்கம்போல இன்பாக்ஸ் திறந்ததால் சந்தேகமே வரவில்லை. சில நாள் கழித்து, அவசரமாகப் பரிசு அட்டை வாங்கி அனுப்பும்படி என் பெயரில் தோழிகளுக்கு அஞ்சல் போயிருப்பது தெரிந்தது. உடனே கடவுச்சொல்லை மாற்றினேன். அதன் பிறகும் வங்கியிலிருந்து ஒரு அஞ்சல்கூட எனக்கு வருவதில்லை. "உனக்குப் பதில் போட்டேனே" என்கிறார் ஒரு தோழி, எனக்கு வரவில்லை. இப்போது, நான் வாங்காத கடனுக்குத் தவணை கேட்டுக் குறுஞ்செய்தி வருகிறது. நேற்று, என் பழைய கடவுச்சொல் ஒன்றைக் குறிப்பிட்டு, என் கேமராவில் என்னைப் படம் பிடித்திருப்பதாக ஒரு மிரட்டல் அஞ்சலும் வந்தது. "கணக்குப் பார்க்கும் நீங்களே இப்படியா?" என்கிறான் மகன். கைபேசியையே மாற்றிவிடட்டுமா? இனி இப்படிப்பட்ட அஞ்சலை எப்படி அடையாளம் காண்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கைபேசியை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எந்தச் செயலியையும் நிறுவவில்லை, எந்தக் கோப்பையும் இறக்கவில்லை. கொடுத்தது கடவுச்சொல்லும் ஓடிபியும் மட்டும்தான். கோளாறு கருவியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. புதிய கைபேசி வாங்கி அதே கணக்கை அதில் திறந்தால் கோளாறும் கூடவே வரும். பணம்தான் வீண்.

அடுத்தது உங்கள் மகனுக்கு. 2013 முதல் 2015 வரை, லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர், தைவானின் கணினி உற்பத்தி நிறுவனம் ஒன்றின் பெயரில் போலி விலைப்பட்டியல்களை அனுப்பிக் கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கும் அதிகமாகக் கறந்தார். 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. கணினித் துறையின் தலைமகன்களே ஏமாந்த கதை இது. விலைப்பட்டியலும் ரசீதும் அறிவிப்புமாக நாள் முழுவதும் அஞ்சல்களைத் திறந்துகொண்டே இருப்பவர்தான் இதில் அதிகம் சிக்குகிறார். அறிவைவிடக் களைப்புக்கும் அவசரத்துக்கும்தான் இதில் பங்கு அதிகம். சிரித்தது போதும், வந்து பக்கத்தில் உட்கார்ந்து உதவச் சொல்லுங்கள். அடுத்து நான் சொல்லப்போகும் வேலைகளுக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம். "ஓடிபி கொடுத்தேன், உண்மையான இன்பாக்ஸ்தான் திறந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய காலத்துப் போலிப் பக்கம் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு "பிழை, மீண்டும் முயலவும்" என்று கைவிரித்துவிடும். இப்போதைய போலிப் பக்கம் உங்களுக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை அந்த நொடியே உண்மையான தளத்தில் போடுகிறது. தளம் உங்கள் கைபேசிக்கு ஓடிபி அனுப்புகிறது. அதையும் உங்களிடமிருந்து வாங்கி அங்கே போடுகிறது. தளம் சம்மதித்துக் கதவைத் திறந்ததும், "இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்" என்று பிரவுசருக்குக் கொடுக்கும் குக்கீ என்ற அடையாளத் துணுக்கைத் தன் கையில் வைத்துக்கொண்டு, உங்களை நாசூக்காக உங்கள் இன்பாக்ஸுக்கே அனுப்பிவிடுகிறது. ஓடிபி இருந்தும் ஏமாந்தது இப்படித்தான். அந்தக் குக்கீ கையில் இருக்கும்வரை, போலிப் பக்கத்தை வைத்தவருக்கு உங்கள் கடவுச்சொல் தேவையே இல்லை. நீங்கள் பூட்டை மாற்றினீர்கள், உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை எழுப்பி வெளியே அனுப்பவில்லை.

ஆகவே இன்று செய்ய வேண்டியவை, இந்த வரிசையில். பிரவுசரில் அஞ்சல் சேவையின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள். கைபேசிச் செயலியில் சில அமைப்புகள் கண்ணில் படாது, கணினியில் செய்வது நல்லது. கடவுச்சொல்லை மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள், வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான ஒன்றாக. உடனே, பாதுகாப்புப் பகுதியில் உங்கள் கணக்கு திறந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். எல்லாவற்றிலிருந்தும் வெளியேறும்படி கட்டளை கொடுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மற்ற இடங்களில் தானாகவே வெளியேறிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சில சேவைகளில் அப்படி நடக்கும், சிலவற்றில் நடக்காது. பிறகு, கணக்கை மீட்க நீங்கள் கொடுத்திருந்த மாற்று மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இன்னும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அங்கே அறிமுகமில்லாத ஒரு முகவரி உட்கார்ந்திருந்தால், "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று ஒரு முறை சொல்லி எப்போது வேண்டுமானாலும் அவர் திரும்ப உள்ளே வரலாம். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்காகப் பதிவாகியிருக்கும் கருவிகளையும் அப்படியே சோதித்து, தெரியாதவற்றை நீக்குங்கள்.

இனி உங்கள் இரண்டு புதிர்கள்: வங்கியின் அஞ்சல் வரவில்லை, தோழியின் பதில் வரவில்லை. இரண்டும் வருகின்றன, உங்கள் கண்ணில்தான் படவில்லை என்பது என் ஊகம்.

அமைப்புகளில் வடிப்பான்கள் அல்லது விதிகள் என்று ஒரு பகுதி இருக்கும். "இன்ன முகவரியிலிருந்து வந்தால் இன்ன கோப்புறையில் போடு" என்று நம் வசதிக்காக வைத்திருப்பது. உள்ளே நுழைந்தவர்கள் அனேகமாக முதலில் கைவைப்பது இங்கேதான். "வங்கி", "பாதுகாப்பு", "கடவுச்சொல்", "மோசடி" போன்ற சொற்கள் உள்ள அஞ்சலையெல்லாம் படித்ததாகக் குறித்துக் குப்பைக்கு அனுப்பு என்று ஒரு விதி. அந்த விதிக்கு அவர்கள் வைக்கும் பெயர் பெரும்பாலும் வெறும் ஒரு புள்ளி, பட்டியலில் கண்ணுக்குத் தட்டுப்படாமல் இருக்க. அலுவலகங்களில் புழங்கும் அவுட்லுக்கில், இணையதளங்களின் புதிய பதிவுகளைச் சேர்த்து வைப்பதற்கான, யாரும் திறந்தே பார்க்காத ஆர்எஸ்எஸ் கோப்புறைக்குள் தள்ளுவது வாடிக்கை. உங்கள் கணக்கைப் புதிய கருவியில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று சேவை நிறுவனமே அனுப்பியிருக்கக்கூடிய எச்சரிக்கையும் அதே குழிக்குள்தான் போயிருக்கும். குப்பை, காப்பகம், ஸ்பாம், நீங்கள் உருவாக்காத கோப்புறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். விதியை நீக்கும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகாருக்குப் பயன்படும்.

பக்கத்திலேயே ஃபார்வர்டிங் என்று இன்னொன்று இருக்கும். வரும் அஞ்சல்களின் நகலை வேறொரு முகவரிக்கு அனுப்பும் வசதி. அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் உங்கள் அஞ்சல் அவருக்கும் போய்க்கொண்டே இருக்கும். அவர் மறுபடி உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை.

தோழியின் பதில் எங்கே போனது என்பதற்கு விடை அநேகமாக "பதில் முகவரி" என்ற அமைப்பில் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் அஞ்சலுக்கு யாராவது பதில் போட்டால் அது எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை அங்கே மாற்றி வைக்கலாம். உங்கள் முகவரியைப் போலவே, ஓர் எழுத்து மட்டும் இரட்டித்தோ குறைந்தோ உள்ள புதிய முகவரியை உருவாக்கி அங்கே போட்டுவிடுவார்கள். தோழி உங்களோடு பேசுவதாக நினைத்து அந்த ஆளோடு பேசிக்கொண்டிருப்பார். அவருடைய கைபேசியை வாங்கி, அவர் அனுப்பிய பதில் போய்ச் சேர்ந்த முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

அமைப்புகளில் மிச்சம் ஒன்று: உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கும் வெளிச் செயலிகள். 2017 மே மாதம், கூகுள் டாக்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலிச் செயலி மின்னஞ்சல் வழியாகப் பரவியது. அது யாரிடமும் கடவுச்சொல் கேட்கவில்லை. உண்மையான கூகுள் பக்கத்திலேயே "அனுமதி" என்ற பொத்தானை அழுத்தச் சொன்னது. அழுத்தியவர்களின் அஞ்சல் கணக்கு அதற்குத் திறந்துவிட்டது. கூகுள் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அதை நிறுத்திவிட்டாலும் வழி பலருக்கும் தெரிந்துபோயிற்று. நீங்கள் அறியாத செயலி எதுவானாலும் அனுமதியை நீக்குங்கள். தெரிந்த செயலியே ஆனாலும் பயன்படுத்தாவிட்டால் நீக்குங்கள்.

மின்னஞ்சலை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வங்கி, கடை, சமூக ஊடகம் என்று உங்கள் மற்றக் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடவுச்சொல் மறந்தால் மீட்பு இணைப்பு வந்து சேரும் இடம் இதுதான். இதைச் சரிசெய்யாமல் மற்றதில் கை வைத்தால், நீங்கள் ஒன்றை மாற்ற மாற்ற அவரும் பின்னாலேயே மாற்றிக்கொண்டு வருவார். இது சுத்தமான பிறகு வங்கி, பிறகு கைபேசி எண்ணோடு இணைந்த சேவைகள், பிறகு மற்றவை. அதே கடவுச்சொல்லை வேறெங்காவது வைத்திருந்தால் அந்தக் கணக்குகள் அனைத்தும் திருடப்பட்டவை என்றே கொள்ளுங்கள். அலுவலகக் கணக்கும் அதில் ஒன்றென்றால் இன்றே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவரின் அஞ்சல் கைக்கு வந்தால், "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்" என்று உங்கள் வாடிக்கையாளர்களுக்கு அவர் எழுதுவார். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவருக்கு லாபம்.

வங்கிக்கு, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணில் பேசுங்கள். தேடுபொறியில் "வாடிக்கையாளர் சேவை எண்" என்று தேடி முதலில் வருவதில் பேசாதீர்கள். அந்த இடத்தை விலைக்கு வாங்கி உட்கார்ந்திருக்கும் போலிகள் உண்டு. அட்டையை முடக்குவது, பரிமாற்ற உச்சவரம்பைக் குறைப்பது, புதிதாகச் சேர்க்கப்பட்ட பயனாளிகளைச் சரிபார்ப்பது, வங்கியில் பதிவான கைபேசி எண் மாறியிருக்கிறதா என்று கேட்பது – நான்கையும் ஒரே அழைப்பில் முடித்துவிடலாம். கைபேசியில் காரணமில்லாமல் சிக்னல் மறைந்து நெடுநேரம் வராமல் இருந்தால் உடனே வேறொரு தொலைபேசியிலிருந்து உங்கள் கைபேசி நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். அந்த நிமிடம் முதல் உங்கள் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குறுஞ்செய்தியில் இணைப்பு இருந்தால் தொடாதீர்கள், எண் இருந்தால் அதில் பேசாதீர்கள். ஒருமுறை ஏமாந்தவரின் விவரம் கை மாறும், அடுத்த தூண்டில் அதே ஆளுக்குத்தான் வரும். கடனே இல்லாமல், கடன் இருப்பதாக மிரட்டிப் பணம் பறிப்பதும் ஒரு தொழில். ஆகவே முதலில் தெரிய வேண்டியது, உண்மையிலேயே உங்கள் பெயரில் கடன் இருக்கிறதா என்பது. உங்கள் நாட்டில் இயங்கும் கடன் தகவல் நிறுவனத்திடம் உங்களைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் திறந்த கடன்களும், கடன் கேட்டு வந்த விசாரணைகளும் அதில் இருக்கும்.

இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். தொலைபேசியில் பேசியது கணக்கில் சேராது. விண்ணப்பத்தின் நகல், அதனுடன் இணைத்த அடையாள ஆவணம், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு ஆகிய விவரங்களைக் கேளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதே உங்கள் பக்கத்தின் வலுவான சாட்சி. "இப்போதைக்கு ஒரு சிறு தவணை கட்டிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சமாதானம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டினால், கடன் உங்களுடையது என்று நீங்களே ஏற்றதாக வாதிட இடம் கொடுத்ததாகிவிடும். காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து அதன் எண்ணை எல்லாக் கடிதங்களிலும் குறிப்பிடுங்கள். கடன் தகவல் நிறுவனத்திலும் தகராறு பதிவு செய்யுங்கள். சில நாடுகளில், உங்கள் அனுமதி இல்லாமல் யாரும் உங்கள் அறிக்கையைப் பார்க்க முடியாதபடி முடக்கி வைக்கும் வசதியும் உண்டு, இருந்தால் போடுங்கள். ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதி, நேரம், பேசியவரின் பெயர், கொடுத்த புகார் எண் எல்லாவற்றையும் குறித்து வாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தச் சிக்கல் ஒரு வாரத்தில் முடியாது. அறிக்கையை ஒரு வருடத்துக்காவது அவ்வப்போது வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடனுக்கு உங்கள் அடையாள ஆவணம் எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தீர்களா? உங்கள் அஞ்சல் பெட்டியின் "அனுப்பியவை" பகுதியில் பாஸ்போர்ட், கையெழுத்து, சம்பளச் சீட்டு, புகைப்படம் என்று தேடிப் பாருங்கள். எப்போதோ எதற்கோ ஸ்கேன் செய்து அனுப்பியவை வருடக்கணக்காக அங்கேயே கிடக்கும். உள்ளே வந்தவரும் இதே தேடல் பெட்டியைத்தான் பயன்படுத்தியிருப்பார். எவை எவை அங்கே இருந்தன என்று பட்டியல் எடுங்கள், எந்தெந்த நிறுவனத்தை எச்சரிக்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். பட்டியல் எடுத்த பிறகு அழித்துவிடுங்கள்.

இனி, அடையாளம் காண்பது எப்படி என்ற கேள்வி. எழுத்துப்பிழையைப் பார், மொழிநடையைப் பார் என்று இத்தனை காலம் சொல்லி வந்தோம். அந்த அறிவுரைக்கு வயதாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் மோசடி அஞ்சல், உண்மையான வங்கி அனுப்பும் அஞ்சலைவிடச் சுத்தமான மொழியில் இருக்கிறது. நல்ல தமிழிலும் வருகிறது. பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பார் என்பதும் அப்படித்தான். அந்தப் பூட்டு, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை வேறு யாரும் படிக்க முடியாது என்றுதான் சொல்கிறது. தளம் யோக்கியமானதா என்று சொல்லவில்லை. போலித் தளங்களிலும் பூட்டு இருக்கிறது. குரோம் பிரவுசர் 2023-இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

அனுப்புநர் பெயரும் உதவாது. மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டபோது, அனுப்புபவர் தன்னை யார் என்று சொல்கிறாரோ அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்படிதான் எழுதப்பட்டது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற சோதனைகள் பிற்பாடு வந்தன. அவை, முகவரியில் உள்ள தளத்தின் பெயர் உண்மைதானா என்பதைச் சரிபார்க்கும். முகவரிக்கு முன்னால் கொட்டை எழுத்தில் தெரியும் பெயரைச் சரிபார்ப்பதில்லை. அங்கே யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். கைபேசித் திரையில் பெரும்பாலும் அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி மறைந்திருக்கும்.

இணைப்பின் முகவரியைப் படிக்கத் தெரிந்திருப்பது மட்டும் இன்றும் பயன்படும். கணினியில் சுட்டியை இணைப்பின் மேல் கொண்டுபோய் வைத்தால், கைபேசியில் விரலை அழுத்தி வைத்திருந்தால் முகவரி தெரியும். உதாரணத்துக்கு இப்படி ஒன்று: "என்வங்கி.காம்.கணக்கு-சரிபார்ப்பு.நெட்/உள்நுழை". இடமிருந்து வலமாகப் படிக்கும் கண் "என்வங்கி.காம்" என்று பார்த்ததும் திருப்தியடைந்துவிடும். முகவரியின் உரிமையாளர் யார் என்பது அங்கே இல்லை. முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள், அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். "நெட்", அதற்கு முன்னால் "கணக்கு-சரிபார்ப்பு". அந்த இரண்டும் சேர்ந்ததுதான் தளத்தின் உரிமையாளர். முன்னால் இருக்கும் "என்வங்கி.காம்" அவர் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்ட அலங்காரம். நாட்டுக் குறியீட்டோடு முடியும் முகவரிகளில் மட்டும் சில சமயம் மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கலையும் எல்லை உடையது. ஆங்கிலச் சிறிய எழுத்தில் "ஆர்", "என்" இரண்டையும் நெருக்கி வைத்தால் "எம்" போலத் தெரியும். ரஷ்யன் முதலிய மொழிகளை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகள் சில ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும். 2017-இல் ஓர் ஆய்வாளர் அந்த எழுத்துகளை மட்டுமே கொண்டு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போலவே ஒன்றைப் பதிவு செய்து காட்டினார். அப்போதைய பிரவுசர்கள் சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. க்யூஆர் குறியீடாக வந்தால் படிக்க எழுத்தே கிடையாது.

ஆகவே நான் என் தொழிலில் வைத்திருக்கும் விதி வேறு. அஞ்சல் உண்மையா பொய்யா என்று ஆராய்வதில்லை. அது என்னை என்ன செய்யச் சொல்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். கடவுச்சொல், குறியீடு, பணம், வங்கிக் கணக்கு எண் மாற்றம், இணைப்புக் கோப்பைத் திறப்பது – இவற்றில் ஒன்றைக் கேட்டால், அந்த அஞ்சல் காட்டும் வழியில் போவதில்லை. அனுப்பியவர் உண்மையான வங்கியாகவே இருக்கட்டும், நான் என் வழியில் போகிறேன். முகவரியை நானே தட்டுகிறேன், அல்லது செயலியைத் திறக்கிறேன், அல்லது ஏற்கெனவே என்னிடம் இருக்கும் எண்ணில் பேசுகிறேன். உண்மையான அறிவிப்பென்றால் அங்கேயும் இருக்கும். உங்கள் அஞ்சல் பெட்டி உண்மையிலேயே நிறைந்திருந்தால் அந்தச் செய்தியும் அங்கே இருந்திருக்கும்.

2016 மார்ச்சில் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, "யாரோ உங்கள் கடவுச்சொல்லைப் பயன்படுத்தினார்கள், இடம் உக்ரைன், உடனே மாற்றுங்கள்" என்று கூகுள் பெயரில் ஒரு போலி அஞ்சல் வந்தது. அவருடைய உதவியாளர்கள் அவசரப்படாமல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டார்கள். அங்கிருந்தவர் இது உண்மையான அஞ்சல் என்று பதில் எழுதிவிட்டார், போலி என்று எழுத வந்தது தவறிப்போனதாகப் பின்னால் சொன்னார். ஆனால் அதே பதிலில், கடவுச்சொல்லை மாற்றுவதற்கான சரியான கூகுள் முகவரியையும் கொடுத்திருந்தார். அந்த முகவரியில் போயிருந்தால் அவருடைய பிழையால் ஒரு சேதமும் வந்திருக்காது. போனது அந்தப் போலி அஞ்சலிலிருந்த இணைப்பு வழியாக. பொடெஸ்டாவின் ஆயிரக்கணக்கான அஞ்சல்கள் அந்த அக்டோபரில் உலகத்தின் பார்வைக்கு வந்தன. அஞ்சலை மதிப்பிடுவதில் ஒரு நிபுணரே தவறலாம், வழி சரியாக இருந்தால் தவறு மன்னிக்கப்பட்டுவிடும்.

இந்த விதியை இயந்திரத்திடமே ஒப்படைத்துவிடவும் முடியும். கடவுச்சொல் மேலாளர் செயலி, ஒரு தளத்துக்காகச் சேமித்த கடவுச்சொல்லை வேறு முகவரியில் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் பக்கத்தில் நிரப்பவில்லை என்றால் கையால் தட்டாதீர்கள், நின்று முகவரியைப் பாருங்கள். அதைவிட நல்லது பாஸ்கீ. அதில் தட்டவும் சொல்லவும் ரகசியமே கிடையாது, கருவிக்குள் இருக்கும் சாவி அந்தத் தளத்தின் உண்மையான முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். நடுவே உட்கார்ந்திருக்கும் போலிப் பக்கத்துக்கு உங்களிடமிருந்து வாங்க ஒன்றும் இருக்காது. இதே நுட்பத்தில் இயங்கும் பாதுகாப்புச் சாவிகளை 2017 தொடக்கத்தில் கூகுள் தன் 85,000-க்கும் அதிகமான ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு வேலைக் கணக்கு ஒன்றுகூட இப்படிப் பறிபோகவில்லை என்று 2018-இல் சொன்னது. உங்கள் மின்னஞ்சல் சேவையில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் மகனை விட்டு இன்றே போடச் சொல்லுங்கள். பழைய கடவுச்சொல் வழியையும் திறந்தே விட்டுவைத்தால் அதற்கும் காவல் தேவை என்பதை மறக்க வேண்டாம்.

தோழிகளுக்கு விளக்கமாக எழுத வேண்டாம். இவ்வளவு போதும்: "என் மின்னஞ்சல் கணக்கு திருடப்பட்டிருந்தது. பரிசு அட்டையோ பணமோ கேட்டு என் பெயரில் வந்த அஞ்சல் நான் எழுதியதல்ல. அதற்குப் பதில் போடாதீர்கள், அதிலுள்ள இணைப்பைத் திறக்காதீர்கள், ஏற்கெனவே திறந்திருந்தால் எனக்குக் கைபேசியில் சொல்லுங்கள்." மின்னஞ்சலில் அனுப்பாமல் கைபேசியில் அனுப்புங்கள். யாராவது அட்டை வாங்கி எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தால் அந்த அட்டையை வெளியிட்ட நிறுவனத்தை உடனே கூப்பிடச் சொல்லுங்கள். பயன்படுத்தப்படாமல் இருந்தால் முடக்க வாய்ப்புண்டு.

கேமரா மிரட்டலைப் பற்றி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். இது உங்கள் கணக்கில் நுழைந்தவரோடு தொடர்புடையதாக எனக்குத் தோன்றவில்லை. 2018 முதல் இதே வாசகத்தோடு உலகெங்கும் கட்டுக்கட்டாகப் போய்க்கொண்டிருக்கும் அஞ்சல் அது. அதிலிருக்கும் கடவுச்சொல், எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் நடந்த கசிவிலிருந்து எடுத்தது. அதனால்தான் அது பழையதாக இருக்கிறது. உங்கள் முகவரி எந்தெந்தக் கசிவுகளில் வெளியானது என்று, 2013-இல் இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். படம் இருந்தால் அதில் ஒரு துண்டையாவது காட்டியிருப்பார்கள், காட்ட ஒன்றும் இல்லாததால்தான் கடவுச்சொல்லைக் காட்டுகிறார்கள். பதில் போடாதீர்கள், பணம் கொடுக்காதீர்கள், ஒரு நகல் எடுத்துப் புகாரோடு சேர்த்துவிட்டு அழித்துவிடுங்கள். அந்தப் பழைய கடவுச்சொல் எங்காவது இன்னும் உயிரோடு இருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள்.

அடுத்த சில வாரங்களில் இன்னொரு வகை ஆள் உங்களைத் தேடி வரக்கூடும். "நீங்கள் இழந்ததை மீட்டுத் தருகிறோம், கட்டணம் முன்கூட்டியே" என்பார். காவல்துறையின் பெயரையோ வங்கியின் பெயரையோ சொல்வார், உங்கள் புகாரின் விவரம்கூட அவரிடம் இருக்கலாம். அவரிடம் பேசிப் பார்ப்பதே வேண்டாம், தொடர்பைத் துண்டித்துவிட்டுப் புகார் கொடுத்த அலுவலகத்தை நீங்களே கூப்பிடுங்கள்.